மகனுக்கு வில் வாங்கலாம், மான்?

மட்டக்களப்பு, செங்கலடிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: “கனடாவில் இருக்கும் மைத்துனர், தன் மகனுடன் வில்லால் மான் வேட்டையாடிய படங்களை அனுப்பினார். அன்று தொடக்கம் பன்னிரண்டு வயதான என் மகனும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். என் அம்மப்பா படுவான்கரையில் பேர்போன வேட்டைக்காரர். துவக்குக்குத்தானே அனுமதிப்பத்திரம் வேண்டும்? வில்லோடு மகனைக் காட்டுக்குக் கூட்டிப்போகலாமா? என்ன வில் வாங்குவது?”

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: முடியாது. இலங்கையின் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1993 இலும் 2009 இலும் வந்த திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. புள்ளிமான், மரை, கேளையாடு, சருகுமான் எதையும் கொல்ல இடமில்லை. துவக்கால் கொன்றீர்களா, சுருக்கால் கொன்றீர்களா, அம்பால் கொன்றீர்களா என்பதெல்லாம் பிறகு வரும் பேச்சு. காட்டையே நம்பி வாழ்ந்த வேடர் மக்களுக்கே 1983 இல் மதுறு ஓயா தேசிய பூங்கா வந்தபோது பரம்பரை வேட்டைக்காடு கைவிட்டுப் போனது. அது நியாயம்தானா என்று எனக்கு இன்றும் ஒரு நெருடல் உண்டு. ஆனால் நமக்கு விலக்குக் கேட்பதற்கு அந்த நியாயம்கூட இல்லை.

மைத்துனரைக் குறைசொல்ல வேண்டாம். அங்கே நிலைமை வேறு. ஓநாய் போன்ற கொன்றுண்ணிகள் அற்றுப்போன பகுதிகளில் வெண்வால் மான் பெருகிக் கிடக்கிறது. அரசே அனுமதிப்பத்திரம் கொடுத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பயிற்சி வகுப்பு முடித்து, பெற்றோரின் சம்மதத்தோடு, பெரியவர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில்தான் வேட்டைக்குப் போகலாம். இருவருக்கும் சேர்த்து ஆயுதம் ஒன்றுதான். நமது காட்டிலோ மானைத் தின்று வாழும் சிறுத்தை இன்னும் இருக்கிறது.

படத்தில் தெரியாத ஒன்றையும் மகனுக்குச் சொல்லுங்கள். நல்ல வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 60 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். முப்பது மீற்றர் தூரத்தில் நிற்கும் மானை அடைய அரை நொடி. ஆனால் நாண் அதிரும் ஓசை பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் அதன் காதுக்குப் போய்விடும். மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி ஒரு சாண் தாழும். அந்த ஒரு சாண் போதும், நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகை உரசிப் போக. சரியாகப் பட்டாலும் மான் அங்கேயே விழாது, ஓடும். அனுபவசாலிகள் உடனே பின்னால் போவதில்லை. அரை மணி நேரமாவது அசையாமல் இருந்துவிட்டு, பிறகு குனிந்து, இலையில் தெறித்த துளித் துளி இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். வலுக் குறைந்த வில்லின் அம்பு ஆழமாக இறங்காது. அதனால்தான் பல இடங்களில் 40 இறாத்தல் இழுவிசைக்குக் குறைந்த வில்லோடு மான் வேட்டைக்கு அனுமதியில்லை. உங்கள் மகனின் தோளுக்கு இப்போது 15 முதல் 20 இறாத்தல்தான் பொருந்தும்.

ஆக, வாங்கவேண்டியது அந்த அளவு வில். இழுவிசை கூடிய வில்லை ‘வளர்ந்த பிறகும் உதவும்’ என்று வாங்கிக்கொடுக்கும் தகப்பன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தோளைச் சுளுக்கிக்கொண்டு ஒரு மாதத்தில் வில்லைச் சுவரில் மாட்டிவிடும். அம்பு கட்டையாக இருந்தால் இழுக்கும்போது வில்லைத் தாண்டி உள்ளே வந்து கையைக் குத்தும், நீளமாகவே வாங்குங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் வில்லே உடையலாம். இலக்குக்கு வைக்கோலை இறுக்கிக் கட்டி, அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு மண் குவியுங்கள். பத்து மீற்றரில் தொடங்கலாம். கடதாசி மட்டையில் மானை வரைந்து, முன்காலுக்குப் பின்னால் நுரையீரல் எங்கே இருக்கிறது என்று அவனையே குறிக்கச் சொல்லுங்கள்.

அம்மப்பாவின் திறமை வெடி வைப்பதில் மட்டும் இருந்திருக்காது. அடி பார்ப்பதில் இருந்திருக்கும். அதை வளவிலேயே தொடங்கலாம். மழை விட்ட மண்ணில் வீட்டு ஆட்டை நடக்கவிட்டு அடியைப் பாருங்கள்: இரண்டாகப் பிளந்த குளம்பு, முனை கொஞ்சம் மழுங்கல். மானடி அதைவிடக் கூர். புதிய அடியின் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். வெயில் ஏற ஏற விளிம்பு உதிரும், எறும்பு அதற்குள் இறங்கும். காலை, மதியம், மாலை என்று ஒரே அடியை மூன்று தரம் பார்த்தால், எத்தனை மணிக்குப் பதிந்தது என்று பையன் சொல்லத் தொடங்கிவிடுவான். ஆனால் அடி தேடிப் படுவான்கரைக் காட்டோரம் பிள்ளையோடு இறங்காதீர்கள். யானை ஒரு பக்கம், புதருக்குள் கட்டியிருக்கும், கயிறு தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு இன்னொரு பக்கம். அது மானா மனிதனா என்று பார்ப்பதில்லை.

உயிருள்ள மானைப் பார்க்க விடுமுறையில் இரண்டு இடங்கள். இங்கினியாகலையில் படகேறினால், 1954 இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவின் கரையோரமாகவே போகலாம். என்னைக் கேட்டால் குமண தேசிய பூங்காதான். உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாசலில் அனுமதி எடுத்து ஜீப்பில் நுழையுங்கள். நம் பக்கத்தில் காட்டுக்குளத்தையும் ‘வில்லு’ என்றுதானே சொல்கிறோம்! மாலை நான்கு மணிக்குப் பிறகு குமண வில்லைச் சுற்றிய புல்வெளிக்குப் புள்ளிமான் கூட்டம் இறங்கும். பக்கத்து மரத்தில் மந்தி இருந்தால் அதையும் கவனிக்கச் சொல்லுங்கள். மந்தி உதிர்க்கும் இலையை மான் தின்னும். சிறுத்தை வந்தால் மேலிருந்து முதலில் கத்துவதும் அநேகமாக மந்திதான். ஜீப்பை விட்டு இறங்கக்கூடாது. வில்லை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஆடி மாதக் கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போகிறவரானால், அதே காட்டை நான்கைந்து நாள் கால்நடையாகவே மகனோடு கடக்கலாம். மானின் வயிற்றில் பிறந்து வேடரிடம் வளர்ந்த வள்ளியின் கதையை அந்த வழியில் சொல்வதற்கு ஈடில்லை.

கடிதத்தின் ஓரத்தில், தெரிந்தவர் ஒருவர் அவ்வப்போது மரை இறைச்சி வத்தல் கொண்டுவந்து தருவார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். அடுத்த முறை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மகன் வீட்டில் நிற்கும் நேரமென்றால் இன்னும் நல்லது.