முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள்

வணக்கம் தோழர். உயர்நீதிமன்றம் போனால் எல்லாருக்கும் பயன்படும் தீர்ப்பு கிடைக்கும் என்கிறார் உங்கள் வழக்கறிஞர். பாதிக்கப்பட்ட பெண்ணோ 'போதும்' என்கிறார். யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் பக்கம்தான், தயங்காதீர்கள்.

ஆனால் வழக்கைக் கைவிட வேண்டியதில்லை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ராஜஸ்தான் பெண் பணியாளர் பன்வாரி தேவிக்கு 1992-இல் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமையை அடுத்து, பெண்கள் அமைப்புகளே மனுதாரராகி உச்ச நீதிமன்றம் போயின. 1997-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளை அந்த நீதிமன்றம் தந்தது, 2013-இல் அதற்கென்று சட்டமே வந்தது. பன்வாரி தேவியின் சொந்த வழக்கிலோ 1995-இலேயே பாலியல் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாகிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. உங்களிடம் வந்த பெண்ணின் வழக்கு வேறு, அமைப்பு போடும் பொதுநல வழக்கு வேறு என்று உங்கள் வழக்கறிஞரிடம் பிரித்துப் பேசுங்கள்.

பொதுநல மனுவுக்கு உங்கள் நோட்டுப் புத்தகம்தான் உயிர். எந்தத் தேதியில் எந்தக் காவல் நிலையம் புகாரை வாங்க மறுத்தது, யார் உடன் போனது என அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். பிரமாணப் பத்திரத்துக்கு அது உதவும். அந்தப் பெண்ணின் பெயரோ ஊரோ எங்கேயும் வரவே கூடாது, பத்திரிகையாளர் சந்திப்பிலும்கூட. மனு வரைவை அவர் மொழியில் வாசித்துக் காட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.