சிங்கப்பூர் சாப்பாட்டுக் கடை வேலை: ஏஜென்ட்டுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத பாருங்க

பட்டுக்கோட்டை பக்கம் பரோட்டா மாஸ்டரா இருக்கற ஒருத்தர் கேட்டிருக்கார்: "சிங்கப்பூர்ல ஒரு கடையில ஒர்க் பெர்மிட் இருக்கு, சம்பளம் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூணரை லட்சம் ரூபா கட்டணும்னு ஏஜென்ட் சொல்றார். அவசரம்னா டூரிஸ்ட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாமாம். என் மச்சானுக்கும் அதே கடையில சப்ளையர் வேலை வாங்கித் தரேங்கறார். நம்பலாமா? பின்னாடி மனைவிய கூட்டிக்க முடியுமா?"

அந்த 1,500 வெள்ளிலயே விஷயம் வெளிய வந்துடுச்சுங்க. இந்தியாலேர்ந்து குக் வேலைக்கு ஒர்க் பெர்மிட்ல ஆள் எடுக்கணும்னா மாச நிலையான சம்பளம் குறைஞ்சது 2,000 வெள்ளி இருக்கணும், அது அங்க எம்ஓஎம், அதாவது மனிதவள அமைச்சு போட்ட ரூல். அதுக்கு கம்மியா காட்டி அப்ளை பண்ணா பெர்மிட்டே கிடைக்காது. அப்ப ரெண்டுல ஒண்ணுதான், ஒண்ணு வேலையே இல்ல, இல்லாட்டி பேப்பர்ல 2,000 போட்டுட்டு கைல 1,500 குடுக்கப் போறாங்க. ரெண்டாவது ரகம்தான் ஊர்ல அதிகமா நடக்குதுன்னு என் எண்ணம்.

முன்னாடி சர்வீஸ் துறையில இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட்டே கிடையாது. 2023 செப்டம்பர்லதான் சாப்பாட்டுக் கடை வேலைகள்ல இந்தியன் ரெஸ்டாரன்ட் குக்குக்கு மட்டும் கதவ திறந்தாங்க, 2025 செப்டம்பர் 1லேர்ந்து எந்த ரெஸ்டாரன்டா இருந்தாலும் குக் எடுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. கவனிங்க, சாப்பாட்டுக் கடைல குக் மட்டும்தான். சப்ளையர், கேஷியர், பாத்திரம் கழுவறது இதெல்லாம் எம்ஓஎம் அனுமதிச்ச வேலை லிஸ்ட்லயே இல்ல. அதனால மச்சான் கதை அங்கயே முடிஞ்சுது, அவருக்காக ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. "குக்குன்னு போட்டு எடுத்துட்டு சர்வீஸ்ல விட்டுடலாம்"னு சொல்வாங்க, பெர்மிட்ல போட்ட வேலைய தவிர வேற வேலை பாத்தா மாட்டறது முதலாளி மட்டும் இல்ல, மச்சானும்தான்.

அடுத்தது யாரும் கேக்காத கேள்வி, ஆனா நான் முதல்ல கேக்கறது அதத்தான்: அந்த கம்பெனில மொத்தம் எத்தன பேர் வேலை பாக்கறாங்க? ஏன்னா இந்த வகையில எடுக்கற ஆளுங்க மொத்த ஆள் கணக்குல 8 சதவீதத்த தாண்டக் கூடாது. கணக்கு போட்டு பாருங்க, ஒரே ஒரு குக் எடுக்கணும்னாலே கம்பெனில உங்களையும் சேத்து 13 பேராவது வேணும், 12 பேர் இருந்தா ஒரு ஆள் 8.3 சதவீதம் ஆயிடும். ரெண்டு பேருக்கு 25 பேர் வேணும். அதோட அங்க உள்ளூர் ஆளுங்கள எவ்ளோ பேர் வச்சிருக்காங்கங்கறத பொறுத்துதான் வெளிநாட்டு ஆள் கோட்டாவே வரும். அஞ்சு ஆறு பேர் ஓட்டற சின்ன கடை ஊர்லேர்ந்து மாஸ்டர் எடுக்கறேன்னா எப்படின்னு கேளுங்க. கம்பெனி பேரும் யூஇஎன் நம்பரும் (கம்பெனியோட பதிவு எண்) கேளுங்க, அத சொல்லவே தயங்கற ஏஜென்ட்கிட்ட மேல பேச்சே வேண்டாம்.

டூரிஸ்ட் விசா விஷயம், செய்யவே செய்யாதீங்க. விசிட்ல போய் கடையில கை வச்சாலே சட்டவிரோதம். முறையான வழி என்னன்னா கம்பெனி அப்ளை பண்ணும், அப்ரூவ் ஆனா ஐபிஏன்னு ஒரு லெட்டர் வரும், அது கைக்கு வந்த பிறகுதான் பிளைட் ஏறணும். அதுல வேலை, சம்பளம், அலவன்ஸ், பிடித்தம், ஏஜென்ட் பீஸ் எல்லாம் இருக்கும், படிச்சு போட்டோ எடுத்து வீட்டுலயும் ஒரு காப்பி குடுத்துடுங்க, எம்ஓஎம் வெப்சைட்ல உண்மையான்னு செக்கும் பண்ணலாம். பின்னாடி சம்பளத்துல தகராறு வந்தா உங்க பக்கம் பேசப் போறது அந்த லெட்டர்தான், நீங்க எழுத்துல ஒத்துக்காம அதுல போட்ட சம்பளத்த குறைக்க முடியாது.

மூணரை லட்சம் யாருக்கு போகுதுன்னும் கேளுங்க. இந்தியால பதிவு பண்ண ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. பதிவு இருக்கான்னு இந்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல பாக்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சி பெர்மிட்டோட ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாச சம்பளம்னு, மொத்தமா அதிகபட்சம் ரெண்டு மாச சம்பளம் வரைக்கும் வாங்கலாம். லெவி (வெளிநாட்டு ஆள் வச்சுக்க அரசாங்கத்துக்கு கட்டற வரி), 5,000 வெள்ளி பாண்ட் (அரசாங்கத்துக்கு குடுக்கற உத்தரவாதம்), மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் முதலாளி செலவு, உங்க தலையில கட்டக் கூடாது. வேலை குடுக்கறதுக்காக முதலாளியே காசு வாங்கினா 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. சம்பளத்த பேங்க்ல போட்டுட்டு "500 வெள்ளி திருப்பி குடு"ன்னு கேக்கறதும் அதே கேஸ்தான்.

அங்க போன பிறகு வாரத்துக்கு 44 மணி நேரம்தான் சாதா வேலை, மேல பாத்தா ஒன்றரை மடங்கு ஓவர்டைம் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. கடை வேலைல இது எவ்ளோ மீறப்படும்னு உங்களுக்கே தெரியும், அதனால எத்தன மணிக்கு உள்ள போனோம் வெளிய வந்தோம்னு போன்ல குறிச்சிட்டே வாங்க. சம்பளப் பாக்கின்னா டிஏடிஎம்ல (அங்க சம்பளத் தகராறு பாக்கற அமைப்பு) புகார் குடுக்கலாம், வேலைய விட்டா 6 மாசத்துக்குள்ள குடுத்துடணும், அத தாண்டிட்டு வந்து கேட்டா ஒண்ணும் பண்ண முடியாது. பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வச்சுக்கறதும் தப்பு. லீவு நாள்ல வேற கடையில போய் பரோட்டா போடறதும் தப்பு, பெர்மிட் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும்தான்.

மனைவி பத்தி கேட்டீங்க. ஒர்க் பெர்மிட்ல குடும்பத்த கூட்டிக்க முடியாது. எஸ் பாஸ் இல்ல ஈபி (ஒர்க் பெர்மிட்டுக்கு மேல உள்ள வேலை பாஸ்கள்) இருந்து, நிலையான சம்பளம் மாசம் 6,000 வெள்ளி இருந்தாத்தான் குடும்பத்துக்கான டிபென்டன்ட் பாஸ் கேக்கவே முடியும். இப்போதைக்கு லீவுல ஊருக்கு வந்து பாக்கற மாதிரிதான் ப்ளான் பண்ணுங்க, அத மனைவிகிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.