மோர்ப் பந்தல்

அன்புள்ள சார்,

செப்டம்பர் 8ஆம் தேதி சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனோம். காவிச் சேலைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மோர்ப் பந்தல். பந்தலைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் கும்பிட்டபடி நிற்பவர் எங்கள் பங்கை, அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தைச் சேர்ந்தவர்தான். கவுன்சிலர் சீட்டுக்கு அலைகிறார். “தாகத்துக்கு மோர் கிடைச்சுதுல்ல, உங்களுக்கென்ன?” என்கிறாள் மனைவி. எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. சுயநலம் கலக்காத கிறிஸ்தவத் தொண்டு பொதுவாழ்வில் சாத்தியமா?

வி., லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்புள்ள வி.,

மோரைக் குடித்துவிடுங்கள். வீட்டம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

2020 ஊரடங்கின்போது அல்சூரில் நானும் நண்பர்களும் அரிசிப் பை கொடுத்தோம். நண்பர் செல்போனைத் தூக்கியதும் வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். மாஸ்க் இல்லாததால் என்று நினைத்தேன். முந்தானை கண்வரைக்கும் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அந்தப் படத்தைத்தான் மூன்று மாதம் வாட்ஸப் டிபியாக வைத்திருந்தேன். அதில் நான் நன்றாக விழுந்திருந்தேன். அரிசியும் பொய்யில்லை, டிபியும் பொய்யில்லை. அதனால் அடுத்தவர் மனசைத் துருவும் வேலைக்கு நான் லாயக்கில்லை.

சீட்டு கேட்பது ஒன்றும் புதிதல்ல. சீடர்களான தன் பிள்ளைகள் இருவருக்கும் உம் ஆட்சியில் வலது பக்கம் ஒரு இடம், இடது பக்கம் ஒரு இடம் வேண்டும் என்று செபதேயுவின் மனைவி இயேசுவிடமே கேட்டாள். கேட்டதற்காக அவர் அவளைத் திட்டவில்லை. நான் குடிக்கப்போகும் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று பையன்களைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்.

எனக்கு அவர்களைவிட யூதாஸ்மேல்தான் கவனம். பெத்தானியா ஊரில் மரியா (மாதா இல்லை, வேறொரு மரியா) இயேசுவின் காலில் நறுமணத் தைலத்தைக் கொட்டியபோது, 300 தெனாரியம் வெள்ளிக்காசுக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றவன் அவன். என்ன அருமையான பேச்சு! அவனுக்கு ஏழைகள்மேல் அக்கறையில்லை என்று நற்செய்தியில் எழுதுகிற யோவான் அதோடு விடுவதில்லை. பணப்பை அவனிடம்தான் இருந்தது, அதில் கைவைப்பான் என்று கணக்கையும் போட்டு உடைக்கிறார்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில், மனசை மட்டும் நம்பக்கூடாது என்ற இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாக முதலிலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் தொண்டுள்ளத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் எத்தனை குக்கிராமத்துக்கு டாக்டர் போயிருப்பார்?

உங்கள் ஆளுக்கு வருகிறேன். பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து வருடம் தேர்தலே நடக்கவில்லை. அந்த ஐந்து திருவிழாவிலும் இவர் பந்தல் போட்டாரா? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மோருக்கு எவ்வளவு, ஃப்ளெக்ஸுக்கு எவ்வளவு, யார் காசு? பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். சிலர் முறைப்பார்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.