விரல் கணு தடித்தாலே வாதமா?

எலும்பு, மூட்டு, மரபணு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்கள் பதில்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. 5 வயதில் விரல் கணுக்கள் தடிக்க ஆரம்பித்தன. இப்போது கையை மூடிப் பிடிக்க முடியவில்லை. நடக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று 2 வருடமாக வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மருந்து, தினமும் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். குறையவே இல்லை. அழற்சி இருந்தால் ஏறும் ஈஎஸ்ஆர் என்ற ரத்த அளவு எப்போது பார்த்தாலும் 10, 12தான். இப்போது வேறொரு டாக்டர், "இது வாதமே இல்லை, எலும்புக் கோளாறு" என்கிறார். யாரை நம்புவது? நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன்.
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது டாக்டரின் சந்தேகம் நியாயமானது. அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் பிபிஆர்டி. புரோகிரஸிவ் சூடோருமடாய்டு டிஸ்பிளேசியா என்பது முழுப் பெயர். 'சூடோ' என்றால் போலி. பார்வைக்கு வாதம் போல இருக்கும், வாதம் அல்ல. குருத்தெலும்பைப் பராமரிக்கும் ஒரு புரதத்துக்கான மரபணு பழுதாவதால் வருகிறது. விஸ்ப்3 என்ற அந்த மரபணுவை 1999இல் கண்டுபிடித்தார்கள். இப்போது சிசிஎன்6 என்றும் ரிப்போர்ட்டில் வரும். குழந்தை பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. வளர வளரக் குருத்தெலும்பு தேய்ந்து எலும்பு முனைகள் பருக்கும். அதனால்தான் 3 முதல் 8 வயதுக்குள் விரலில் முதலில் தெரிகிறது.

மகளின் நடுவிரல் கணுவை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வாத வீக்கம் என்றால் மெத்தென்று அமுங்கும், புறங்கையை வைத்தால் சூடு தெரியும், குழந்தையும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ளும். பிபிஆர்டியில் கணு கெட்டியாக, எலும்பாகவே தட்டுப்படும். சூடு இருக்காது, சிவப்பு இருக்காது. அழுத்தினால் பெரிதாக வலிக்காது, ஆனால் மடக்க வராது. வாதத்தில் காலையில் எழுந்ததும் கை கால் இறுகிக் கிடந்து, வெயில் ஏறினதும் இளகும். இதில் அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாக இருக்காது. நிறைய நடந்த அன்று சாயங்காலம்தான் வலி கூடும்.

ஈஎஸ்ஆர் சரியாக இருப்பதை மட்டும் வைத்து வாதம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உண்மையான வாதம் உள்ள சில குழந்தைகளுக்கும் ஈஎஸ்ஆரும், அதுபோல அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் சரியாகவே இருக்கும், வாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நெகட்டிவ்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எக்ஸ்ரே. கையை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கை, இடுப்பு, முழங்கால் இவற்றோடு முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முதுகெலும்புக் கட்டைகள் உயரம் குறைந்து தட்டையாகி, முன்பக்கம் அலகு போல நீண்டிருந்தால் அது மூட்டுவாதத்தில் வருகிற மாற்றம் அல்ல. கைப் படத்தில் விரல் எலும்புகளின் முனை அகன்றிருக்கும். வாதத்தில் வருகிற அரிப்புக் குழிகள் இருக்காது. இன்னும் சந்தேகம் இருந்தால் டாப்ளர் ஸ்கேனில் மூட்டுச் சவ்வு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். கடைசி உறுதி மரபணுப் பரிசோதனை.

எவ்வளவு கோபம் வந்தாலும் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் மாத்திரை போன உடம்பில், அட்ரீனல் சுரப்பி இயற்கை ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது வரை போகும். டாக்டர் படிப்படியாகத்தான் இறக்குவார். நோய் பிபிஆர்டி என்று உறுதியானால் மெத்தோட்ரெக்சேட்டும் தேவையில்லை. அந்த மருந்தால் இந்த நோயில் பயன் கிடையாது, கல்லீரலுக்குச் சுமை மட்டும்தான். சரியான அளவில் 3 மாதம் கொடுத்தும் துளி முன்னேற்றம் இல்லையென்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் "நோய் இதுதானா?" என்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் உங்கள் மகளுக்கு 2 வருடம் போனது.

இந்தக் கோளாறை மாற்றும் மருந்து இதுவரை இல்லை. அறிவு வளர்ச்சியையும் ஆயுளையும் இது தொடுவதில்லை. மூட்டைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் சிகிச்சை: நீச்சல், சைக்கிள், பிசியோதெரபி, உடல் எடை ஏறாமல் பார்ப்பது. கயிறு தாண்டுதல், குதித்து விளையாடுவது வேண்டாம். குத்தவைக்கும் கழிப்பறைக்குப் பதிலாக நாற்காலிக் கழிப்பறை வையுங்கள். சாப்பாட்டைத் தரையில் சம்மணமிட்டுத் தராமல் நாற்காலியில் கொடுங்கள். இடுப்பு மூட்டு தேய்ந்துபோனால் வாலிப வயதிலேயே மூட்டு மாற்று தேவைப்படலாம். எண்ணெய் தேய்த்து இதமாக உருவுவதில் தப்பில்லை. உழிச்சல் என்ற பெயரில் இறுகிய மூட்டை அமுக்கி நிமிர்த்துவதற்கு மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு 7 வயது. கை விரல், முழங்கால் எல்லாம் தடித்துவிட்டது. ஊரில் எல்லோரும் புத்தூருக்குக் கூட்டிப்போய் கட்டுப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– ஒரு தாத்தா, நகரி

பதில்: வேண்டாம், ஐயா. புத்தூர்க் கட்டு எலும்பு முறிவுக்கு என்று பேர் வாங்கியது. பேரனுக்கு முறிவு இல்லை. இறுகிக்கொண்டு வருகிற மூட்டை மூங்கில் பத்தை வைத்து வாரக்கணக்கில் அசையாமல் கட்டினால், அவிழ்க்கும்போது மிச்சமிருந்த மடக்கமும் போயிருக்கும். வாதமோ பிபிஆர்டியோ, மூட்டு ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேரனுக்குத் தொப்புளிலோ தொடை இடுக்கிலோ குடலிறக்க ஆபரேஷன் நடந்திருக்கிறதா? அடிக்கடி காதில் சீழ் வருகிறதா? கருவிழி லேசாகப் பால் கலந்தது போல மங்கியிருக்கிறதா? விரல் இறுக்கத்தோடு இவையும் சேர்ந்திருந்தால் எம்.பி.எஸ். (மியூகோபாலிசாக்கரிடோசிஸ்) என்ற வேறு மரபணு நோயாக இருக்கலாம். சில நொதிகள் குறைவதால் கழிவு திசுக்களில் தேங்குவது அது. எம்.பி.எஸ். 1 வகையின் மிதமான வடிவம்கூட வாதம் என்றே பல வருடம் ஓடிவிடும். இதைத் தவறவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்லக் காரணம், இதற்கு மருந்து உண்டு: குறைகிற நொதியை வாரம் ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். விலை மிக அதிகம். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியிருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் அதற்கான மையம் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கேரள எல்லையில் உள்ளவர்களுக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையே எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

கேள்வி: மூத்த பையனுக்கு பிபிஆர்டி என்று எக்ஸ்ரேயை வைத்துச் சொல்லிவிட்டார்கள். மனைவி இப்போது 8 வாரம். அடுத்த குழந்தைக்கும் வருமா? இங்கிருந்து எங்கே போய்ப் பரிசோதிப்பது?
– மறையூர் வாசகர்

பதில்: நாளை என்று தள்ளாதீர்கள். பெற்றோர் இருவரிடமும் விஸ்ப்3 மரபணுவின் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்து, இரண்டும் குழந்தைக்குப் போனால்தான் நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் இரண்டாவது தப்பிவிடும் என்ற கணக்கு கிடையாது.

வயிற்றுக் குழந்தையைச் சோதிக்க, முதலில் பையனின் மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். பையனுக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 முதல் 3 மில்லி ரத்தம். உங்கள் இருவருடையதும் கூடவே போகட்டும். உடுமலையிலேயே எடுத்து மரபணு ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பலாம். குளிர்ச்சியாக வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. வழக்கமாக ரிசல்ட் வர 4 முதல் 6 வாரம் ஆகும். விண்ணப்பத்தில் "கர்ப்பம், 8 வாரம்" என்று எழுதுங்கள், அவசரமாகப் பார்ப்பார்கள். மாற்றம் தெரிந்தபின் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிக்கலாம். அது தவறினால் 16 வாரம் வாக்கில் பனிக்குட நீர். ஸ்கேனை நம்பிக் காத்திருக்க வேண்டாம், கருவில் இந்த எலும்பு மாற்றம் தெரியாது.

ரிப்போர்ட்டில் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். மரபணு ஆலோசகர் அதை விளக்கிச் சொல்ல வேண்டும். குழந்தை வேண்டும், வேண்டாம் என்பது நீங்கள் இருவரும் எடுக்கிற முடிவு. டாக்டரோ மாமியாரோ எடுக்கிறது அல்ல.

கேள்வி: என் வகுப்பில் பிபிஆர்டி உள்ள மாணவி இருக்கிறாள். பரீட்சையில் பாதிதான் எழுதி முடிக்கிறாள். என்ன செய்யலாம்?
– தமிழ் ஆசிரியை, சித்தூர் (பாலக்காடு)

பதில்: பேனாவில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள், மடங்காத விரலுக்குப் பிடி கிடைக்கும். வகுப்பறை மாடியில் இருந்தால் கீழே மாற்றுங்கள். பெற்றோரிடம் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் என்று சான்று கிடைத்தால், பரீட்சையில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், எழுத ஆளும் கேட்கலாம். மார்ச் மாதம் வந்தபின் ஓடினால் நடக்காது, ஜூனிலேயே மருத்துவ போர்டுக்கு அனுப்புங்கள்.