நடக்கும் ஐரிஸ்: பூத்த தண்டை வெட்டலாமா?

நடக்கும் ஐரிஸ் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறோம். ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பல்லாண்டுச் செடியை நியோமாரிகா கிராசிலிஸ் என்ற பெயரில்தான் பலரும் அறிவார்கள். தாவரவியலாளர்கள் இப்போது அதை டிரைமீசியா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நாற்றங்காலில் டிரைமீசியா கிராசிலிஸ் என்று எழுதியிருந்தாலும் அது இதே செடிதான்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கும் நடக்கும் ஐரிஸ் மூன்று ஆண்டுகளாக இலை மட்டுமே விடுகிறது. இலைகள் கரும்பச்சையாகச் செழித்திருக்கின்றன. மாதந்தோறும் உரம் வைக்கிறேன். நீண்டு வளைந்து தொங்கும் இலைகளை அவ்வப்போது கத்தரித்துச் செடியைச் சீராக வைத்திருக்கிறேன். ஆனாலும் ஏன் பூக்கவில்லை?

பதில்: காரணம் நீங்கள் கத்தரித்த அந்த ‘இலை’களிலேயே இருக்கலாம் என்று கருதுகிறேன். இந்தச் செடியின் பூந்தண்டு மற்றப் பூச்செடிகளில் இருப்பதுபோல் உருண்டையாக, தனித்துத் தெரியும்படி வருவதில்லை. தட்டையாக, பச்சையாக, ஏறத்தாழ இலையின் அகலத்திலேயே எழுவதால், அதை நீளமாகிப்போன இலை என்று எண்ணி வெட்டிவிடுவோர் மிகப் பலர். வேறுபாடு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. இலையை அடியிலிருந்து மேல்நோக்கி வருடிப் பாருங்கள், கூர்நுனி வரை எங்கும் தடைப்படாது. பூந்தண்டை அவ்வாறே வருடினால், நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பில் விரல் நிற்கும். மொட்டுகள் அந்தப் புடைப்புக்குள்தான் அடுக்கடுக்காக ஒடுங்கியிருக்கின்றன. இனி எதை வெட்டுவதானாலும் இந்தச் சோதனைக்குப் பிறகே வெட்டுங்கள்.

கத்தரித்தது மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். செடி இருக்கும் இடத்தின் வெளிச்சத்தைக் கவனியுங்கள். இது மெக்சிகோவின் தென்பகுதியிலிருந்து பிரேசில் வரையிலான வெப்பப் பகுதிகளுக்கு உரியது. மரங்களின் கீழே, கிளைகளுக்கு இடையே வடிந்து வரும் ஒளியில் வளர்ந்து பழகியது. அதனால் அடர்ந்த நிழலிலும் சாகாது. ஆனால் சாகாமல் இருப்பதும் பூப்பதும் வேறு வேறு. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டு, பிறகு நாள் முழுவதும் நல்ல வெளிச்சம் இருக்கும் இடம் இதற்கு மிகப் பொருத்தமானது. உச்சிவெயில் நேராக விழுந்தால் இலைகள் வெளிறி, ஓரங்கள் கருகும்.

மாதந்தோறும் வைக்கும் உரத்தையும் நான் ஐயுறுகிறேன். தழைச்சத்து மிகுந்த உரம் தொடர்ந்து கிடைத்தால் செடி இலை விடுவதிலேயே நின்றுவிடும். நீங்கள் சொல்லும் கரும்பச்சைச் செழிப்பு அதைத்தான் காட்டுகிறது. சில மாதங்களுக்கு உரத்தை நிறுத்துங்கள். பிறகு வளரும் பருவத்தில் மட்டும், தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சமமாக உள்ள உரத்தை உறையில் சொல்லியிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றினால் போதும்.

ஒரு விசிறியில், அதாவது விசிறிபோல் விரிந்து நிற்கும் ஓர் இலைக்கொத்தில், 12 இலைகள் சேர்ந்த பிறகே இந்தச் செடி பூக்கும் என்று தோட்டக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இயேசுவின் சீடர்கள் 12 பேர் என்பதை ஒட்டி, அப்போஸ்தலர் செடி என்ற பெயரும் இதற்கு வழங்குகிறது. அந்த எண்ணிக்கையைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு முன்பே பூக்கும் செடிகளும் உண்டு. ஆயினும் விசிறி முதிர வேண்டும் என்பது உண்மையே. இலைகளை ஓயாமல் கத்தரித்துக்கொண்டிருந்தால் அந்த முதிர்ச்சி தள்ளிப்போகும். தொட்டியில் வேர் நெருக்கமாக நிறைந்திருப்பது பூப்பதற்குத் தடையாகாது. அதற்காக அவசரப்பட்டுத் தொட்டியை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: ஆவலோடு காத்திருந்து முதல் பூவைப் பார்த்தேன். காலையில் விரிந்தது மாலைக்குள் சுருண்டுவிட்டது. செடிக்கு ஏதேனும் நோயா?

பதில்: நோய் இல்லை. இந்தப் பூவின் ஆயுள் ஒரு பகல்தான். காலையில் மூன்று வெள்ளை வெளியிதழ்கள் அகலமாக விரிகின்றன; நடுவே மூன்று நீல உள்ளிதழ்கள் எழுந்து, நுனியில் பின்னோக்கிச் சுருள்கின்றன. இதழ்களின் அடிப்பகுதியில் மஞ்சளும் பழுப்புமாகக் குறுக்கே ஓடும் வரிகளை அருகில் சென்று பாருங்கள், எட்ட நின்று பார்ப்பவர்களுக்கு அந்த அழகு தெரியாமலே போய்விடும். நல்ல மணமும் உண்டு. பொழுது சாய்வதற்குள் இதழ்கள் உள்நோக்கி மடங்கிக் குழைந்துவிடும்.

பூ வாடியதும் தண்டை வெட்டிவிடாதீர்கள். நான் சொன்ன அதே புடைப்பிலிருந்து சில நாள் இடைவெளியில் இன்னொரு பூ வரும். அதன் பிறகும் வரும். ஒரே இடத்தில் உள்ள பல விசிறிகள் ஒரே நாளில் சேர்ந்து பூப்பதும், பிறகு சில நாள்கள் ஒன்றுமே பூக்காமல் இருப்பதும் இந்தச் செடியின் இயல்பு. குளிர்காலம் முடியும் தறுவாயில் தொடங்கிக் கோடையின் தொடக்கம் வரை இப்படி அலை அலையாகப் பூக்கும். வாடிய பூவை மட்டும் விரலால் கிள்ளி எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டாலும் கெடுதல் இல்லை.

கேள்வி: பூத்து முடிந்த தண்டின் நுனியில் சிறு செடி ஒன்று முளைத்திருக்கிறது. அதை எப்போது பிரித்து நடுவது? எவ்வளவு ஆழம் நட வேண்டும்?

பதில்: அந்தச் சிறு செடியால்தான் இதற்கு நடக்கும் ஐரிஸ் என்ற பெயரே அமைந்தது. பூக்கள் வந்து முடிந்த அதே இடத்தில் ஒரு கன்று உருவாகிறது. அது பெருக்கப் பெருக்கத் தண்டு அதன் பாரம் தாங்காமல் வளைந்து தரையைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் கன்று வேர்விட்டுத் தனிச்செடியாகிறது. சில ஆண்டுகளில் அந்தச் செடியும் பூத்து, தன் தண்டை இன்னும் ஓர் எட்டு அப்பால் சாய்க்கிறது. பூத்த தண்டை வெட்டாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். பூ முடிந்தவுடன் வெட்டப்படும் ஒவ்வொரு தண்டோடும் அடுத்த தலைமுறைச் செடி ஒன்று குப்பைக்குப் போகிறது.

கன்றைத் தாயிடமிருந்து உடனே பிரிக்க வேண்டாம். அது நான்கைந்து இலைகள் விட்டு, அடியில் வெளிர்நிறத்தில் சிறு முண்டுகளாக வேர்முனைகள் தெரியும் வரை காத்திருங்கள். பிறகு ஒரு சிறிய தொட்டியில் மக்கிய இலை உரம், தென்னை நார்க்கழிவு, மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பித் தாய்ச்செடியின் அருகில் வையுங்கள். தண்டை மெல்ல வளைத்துக் கன்றின் அடிப்பகுதி மட்டும் மண்ணில் பதியுமாறு அமர்த்தி, கொண்டை ஊசி வடிவில் வளைத்த கம்பியால் தண்டை அங்கேயே பிடித்துவையுங்கள். ஆழம் என்று தனியாக ஒன்றுமில்லை. வேர்முனைகள் மண்ணுக்குள் இருக்க வேண்டும், இலைகள் பிரியும் இடம் மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். அந்த இடத்தை மண் மூடினால் குருத்து அழுகும். மண் காயாமலும் சொதசொதவென்று ஆகாமலும் பார்த்துக்கொண்டால், சில வாரங்களில் கன்று வேர்பிடித்துவிடும். இலையைப் பிடித்து மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள்; மண் விட்டுக்கொடுக்காவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள், தண்டை அப்போது வெட்டலாம். அதுவரை தாயின் உணவு தண்டு வழியாக வந்துகொண்டிருப்பதால் கன்று வாடாது. இந்த முறையை நான் விரும்புவதற்குக் காரணம் அதுதான். வெட்டிய பிறகு நட்டாலும் வேர்பிடிக்கும், ஆனால் நிழலும் ஈரமும் தருவதில் கூடுதல் கவனம் வேண்டும்.

தொங்குதொட்டியில் வளர்ப்பவர்கள் தண்டுகளை அப்படியே விட்டுவிடலாம். கன்றுகள் தொட்டியைச் சுற்றிலும் தொங்கி நிற்பது காண அழகாக இருக்கும். கன்றிலிருந்து வந்த செடி அதே ஆண்டில் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயில் படும்படி வெளியே தெரிய வேண்டும், நட்ட பிறகு தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டும் என்று படித்தேன். நடக்கும் ஐரிசுக்கும் அப்படித்தானா?

பதில்: இல்லை. நீங்கள் படித்தது தாடி ஐரிஸ் பற்றியது. கீழிதழின் நடுவே மயிர்க்கற்றை போன்ற வரி உடைய அந்த ஐரிசின் கிழங்கு, இஞ்சியைப் போலப் படுத்து வளர்வது; நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும், மேல்பாகம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், ஈரம் தேங்கினால் மென்னழுகல் வந்து கிழங்கே கூழாகிவிடும். அதன் வகைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பூக்கக் குளிர்காலத்தின் குளிரும் தேவை. நடக்கும் ஐரிசோ உறைபனியைத் தாங்காது, வெயிலின் கடுமையை விரும்பாது, வேர்ப்பகுதியில் எப்போதும் சிறிது ஈரம் இருப்பதையே விரும்பும். உறைபனி விழும் பகுதிகளில் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுசெல்ல வேண்டும்.

ஐரிஸ் குடும்பத்துக்குள்ளேயே தரைக்குக் கீழே உள்ள உறுப்பு செடிக்குச் செடி மாறுகிறது. தாடி ஐரிசும் நடக்கும் ஐரிசும் மட்டநிலத்தண்டு, அதாவது படுத்து வளரும் கிழங்கு, உடையவை. டச்சு ஐரிஸ் வெங்காயம் போன்ற குமிழத்திலிருந்தும், கிளாடியோலஸ் கந்தம் எனப்படும், உள்ளே அடுக்கில்லாத கெட்டியான கிழங்கிலிருந்தும் முளைப்பவை. எனவே, ஐரிஸ் என்ற பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றுக்குச் சொன்ன பக்குவத்தை மற்றொன்றுக்குச் செய்வதால்தான் நல்ல செடிகள் பல வீணாகின்றன. வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூவைப் பார்த்து நடக்கும் ஐரிசோடு பலர் குழப்பிக்கொள்ளும் டயட்டீஸ் இரிடியாய்டிஸ் என்ற ஆப்பிரிக்கச் செடியிலும் பூந்தண்டை வெட்டக் கூடாது. ஒரே தண்டு மறு ஆண்டும் பூக்கும். ஆனால் அது நல்ல வெயிலையும் வறட்சியையும் தாங்குவது.

கேள்வி: இலை நுனிகள் பழுப்பாகக் காய்கின்றன. அண்மையில் ஒரு விசிறியின் அடிப்பகுதியும் மென்மையாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: இவை இரண்டும் வேறு வேறு தொல்லைகள். நுனி காய்வது பெரும்பாலும் வறண்ட காற்றாலோ, மண் அடிக்கடி முற்றிலும் காய்ந்துவிடுவதாலோ, உரத்தின் உப்பு தொட்டியில் தங்கிவிடுவதாலோ வருவது. தொட்டியின் அடித்துளை வழியாகத் தண்ணீர் தாராளமாக வடியும்படி ஒருமுறை நன்றாக ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். காய்ந்த நுனியை மட்டும் இலையின் கூர்வடிவம் மாறாமல் சாய்வாகக் கத்தரிக்கலாம்.

அடி மென்மையாவதுதான் அஞ்ச வேண்டியது, அது அழுகல். இன்றே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறிப் பாருங்கள். நல்ல கிழங்கு அழுத்தினால் கெட்டியாக இருக்கும், அழுகியது விரலுக்கு அமுங்கி நாறும். அழுகிய பகுதியைத் தூய கத்தியால், நல்ல சதை தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை நிழலில் ஒரு நாள் உலரவிட்டுப் புதிய கலவையில் நடுங்கள். பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். வேர் புதிதாக ஓடும் வரை தண்ணீரை அளந்தே ஊற்ற வேண்டும். அந்த விசிறியில் பூந்தண்டும் கன்றும் இருந்தால், முதலில் கன்றைப் பிரித்து வேறு தொட்டியில் நட்டுவிடுங்கள். தாய் பிழைக்காவிட்டாலும் செடி உங்களிடம் இருக்கும்.

கேள்வி: வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. இந்தச் செடியை வளர்க்கலாமா?

பதில்: எட்டாத உயரத்தில் வளர்க்கலாம். ஐரிஸ் பேரினத்துச் செடிகளின் கிழங்கைத் தின்ற நாய்களுக்கும் பூனைகளுக்கும் எச்சில் ஒழுகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்படுவதுண்டு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இதனிடமும் அதே எச்சரிக்கையோடு இருப்பதே நல்லது. மண்ணைத் தோண்டும் குட்டியாக இருந்தால் தொங்குதொட்டியே சிறந்தது.