துறைமுகத்தை அரசு எடுத்துக்கொண்டால் என் கன்டெய்னர் என்ன ஆகும்?

கேள்வி: நான் சிறிய ஏற்றுமதியாளர். மாதம் ஐந்தாறு கன்டெய்னர் அனுப்புகிறேன், எல்லாமே ஒரே தனியார் டெர்மினல் வழியாகத்தான் போகிறது. அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு துறைமுகத்தை அரசே நடத்தப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. சரக்கு முடங்குமா? செலவு ஏறுமா? இன்சூரன்ஸ் கைகொடுக்குமா? இப்போதே வேறு துறைமுகத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாற வேண்டாம். மாறுவதற்கான வாசலை மட்டும் இப்போதே திறந்து வையுங்கள். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அரசு எடுத்துக்கொள்கிறது என்றால் எதை எடுத்துக்கொள்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

இன்று உலகின் பெரும்பாலான கன்டெய்னர் துறைமுகங்களில் நிலமும் கடல்முகமும் ஏற்கெனவே அரசுடையவை. தனியாரிடம் இருப்பது கன்செஷன் எனப்படும் குத்தகை, பெரும்பாலும் 25, 30 ஆண்டுகளுக்கு. கிரேன் வாங்குவது, யார்டு (கன்டெய்னர் அடுக்கும் மைதானம்) போடுவது, ஆள் வைப்பது அவர்கள் வேலை. அரசுக்கு ராயல்டியோ வருவாய்ப் பங்கோ போகும். ஆகவே நாட்டுடைமை என்று நாளிதழ் எழுதுவது அநேகமாகக் குத்தகையை நடுவில் முறிப்பதுதான். இன்னொன்று, தனியார் என்ற சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றும். பல நாடுகளில் டெர்மினல் நடத்தும் டி.பி. வேர்ல்ட் துபாய் அரசின் நிறுவனம். அதே தொழிலில் இருக்கும் சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. அந்நாட்டு அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கிடம் இருக்கிறது. ஒரு நாட்டின் அரசு இன்னொரு நாட்டு அரசின் நிறுவனத்தை வெளியே அனுப்புவதைத்தான் பல நேரம் பார்க்கிறோம்.

அதற்குச் சரியான உதாரணம் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியின் டொராலே டெர்மினல். 2006ல் டி.பி. வேர்ல்டுக்கு 30 ஆண்டுக் குத்தகை. டெர்மினல் நிறுவனத்தின் பங்குகளில் மூன்றில் இரண்டு ஜிபூட்டி துறைமுக நிறுவனத்திடம், மூன்றில் ஒன்று டி.பி. வேர்ல்டிடம். 2018 பிப்ரவரியில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து டெர்மினலைக் கையில் எடுத்தது. லண்டன் நடுவர் மன்றம் அதே ஆண்டு ஒப்பந்தம் இன்னும் செல்லும் என்றது. 2019ல் வட்டி போக 38.5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. ஜிபூட்டி அதை ஏற்கவில்லை.

ஒரு சரக்கு அனுப்புபவராக நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கிரேன்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. அதன் கடல்வழி வணிகத்தில் பெரும்பகுதி ஜிபூட்டி வழியாகத்தான் போய்வருகிறது, இதற்குப் பிறகும் அப்படியே. வழக்கு லண்டனில் நடந்தது, லாரி வழக்கம்போல மலை ஏறியது.

இதையே 1956ல் சூயஸ் கால்வாயிலும் பார்க்கலாம். கால்வாய் கம்பெனியை எகிப்து நாட்டுடைமை ஆக்கியபோது, கப்பல்களை வழிநடத்தும் வெளிநாட்டு பைலட்டுகள் செப்டம்பர் நடுவில் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். எகிப்தியர்களால் ஒரு நாள்கூடக் கப்பல் விட முடியாது என்பதுதான் கணக்கு. கணக்கு பொய்த்தது, கப்பல்கள் போயின. அந்த ஆண்டின் கடைசியில் கால்வாய் மூடியது போரினால், நிர்வாகத் தோல்வியால் அல்ல. 1958ல் எகிப்து பழைய பங்குதாரர்களோடு 2 கோடியே 83 லட்சம் எகிப்திய பவுண்டு நஷ்டஈட்டுக்கு உடன்பட்டு, தவணை தவணையாகக் கொடுத்து முடித்தது.

ஆனால் வெனிசுலாவையும் சொல்லாமல் விட முடியாது. 2009ல் மாகாணங்களின் பொறுப்பில் இருந்த துறைமுகங்களை மத்திய அரசு எடுத்துக்கொண்டு பொலிபுவர்டோஸ் என்ற நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே புவர்டோ கபெயோவில் அரசு இறக்குமதி செய்த உணவு கன்டெய்னர் கன்டெய்னராக அழுகிக் கிடந்தது வெளியே வந்தது. நியாயமாகச் சொன்னால் முழுப் பழியும் துறைமுகத்தின் மேல் போடக்கூடாது. தேவைக்கு மேல் வாங்கி, எடுத்து விநியோகிக்க ஆளில்லாமல் விட்டது அரசின் உணவு நிறுவனம். என்றாலும் வாங்குபவர், இறக்குபவர், சோதிப்பவர் மூவரும் ஒரே முதலாளியாகிவிட்டால், சரக்கு தேங்கும்போது சத்தம் போட ஆள் இருக்காது.

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் என்பதைவிட யார்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஆகவே செய்தி வந்ததும் நான் மூன்று விஷயம் விசாரிப்பேன். கிரேன் ஆபரேட்டர்களும் பெட்டி அடுக்கத் திட்டம் போடும் பிளானர்களும் அப்படியே தொடர்கிறார்களா? டெர்மினல் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற மென்பொருளின் உரிமம் யார் பெயரில்? (எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்பது அதற்குத்தான் தெரியும். பழைய நிறுவனம் அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஆயிரக்கணக்கான பெட்டிகள் வெறும் இரும்புக் குவியல்.) கிரேன் பராமரிப்பு ஒப்பந்தமும் உதிரிபாகமும் புதியவர் கைக்கு வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், கைமாறும் சில வாரங்கள்தான் நெருக்கடி. இல்லை என்றால் மாதக்கணக்கில் எதிர்பாருங்கள்.

செலவு ஏறுமா? உடனே ஏறாமல் இருக்கலாம். முதல் சில மாதம் அரசு கட்டணத்தைத் தொடாது, குறைத்துக்கூடக் காட்டலாம். பணம் வேறு வழியில் வரும். முறித்த ஒப்பந்தத்துக்கு நஷ்டஈடு யாராவது கொடுத்தாக வேண்டும். அது வரியிலிருந்து வரும், அல்லது துறைமுகக் கட்டணத்திலிருந்து வரும். இரண்டாவது வழிதான் அரசுக்குச் சுலபம், ஏனென்றால் உங்களுக்கு அது கப்பல் கம்பெனி பில்லில் டெர்மினல் ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற வரியில்தான் தெரியும், யாரும் அரசைத் திட்ட மாட்டார்கள்.

நஷ்டஈட்டை வலியில்லாமல் கொடுத்த நாடும் உண்டு. பிரிட்டன் 1948 தொடக்கத்தில் ரயில்வேயை நாட்டுடைமை ஆக்கியபோது ரயில் கம்பெனிகளின் துறைமுகங்களும் சேர்ந்தே வந்தன. பங்குதாரர்களுக்குக் கொடுத்தது ரொக்கமல்ல, 3 சதவீத வட்டியுள்ள அரசுக் கடன்பத்திரம். 1983ல் அந்தத் துறைமுகங்களில் பல அசோசியேட்டட் பிரிட்டிஷ் போர்ட்ஸ் என்ற பெயரில் திரும்பத் தனியாரிடம் போயின.

பல அரசுகள் நாட்டுடைமை என்ற சொல்லையே தவிர்ப்பதற்குக் காரணமும் இந்த நஷ்டஈடுதான். குத்தகைதாரர் ஒப்பந்தத்தை மீறினார் என்று சொல்லி முறித்தால் கொடுக்க வேண்டிய தொகை வெகுவாகக் குறையும். பொதுநலனுக்காக எடுக்கிறோம் என்றால் முழுத் தொகை. அறிவிப்பில் எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள். மீறல் என்று வந்தால் வழக்கு நீளும், புதிய கிரேனுக்கு யாரும் கடன் தர மாட்டார்கள். தீர்ப்பு கிடைத்தாலும் பணம் கிடைக்கும் என்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியின் கோனாக்ரி துறைமுகத்தில் கெட்மா என்ற நிறுவனத்துக்கு 2008ல் கொடுத்த 25 ஆண்டுக் குத்தகையை 2011ல் அதிபர் ஆணை முறித்தது. 2014ல் நடுவர்கள் 3.85 கோடி யூரோ தரச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தீர்ப்பு செல்லாது என்று ஆனது. காரணம், நடுவர்கள் அனுமதிக்கப்பட்டதைவிட அதிகக் கூலியைத் தாங்களாகவே பேசிக்கொண்டார்கள்!

நாட்டுப் பொருளாதாரத்துக்கு நீண்டகாலத்தில் வலிப்பது இந்த நஷ்டஈடுகூட அல்ல, அடுத்த ஒப்பந்தம். ஒருமுறை முறித்த நாட்டில் அடுத்து டெண்டர் எடுப்பவர் அந்த அபாயத்தையும் விலையில் சேர்த்துத்தான் கேட்பார். வங்கி அதிக வட்டி கேட்கும், அரசு உத்தரவாதம் கேட்கும், துறைமுகத்துக்கு மட்டுமல்ல, மின்நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும். அதற்காக, எந்தக் குத்தகையையும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மோசமாகப் போட்ட ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தை 2015ல் வடக்குப் பிரதேச அரசு 50.6 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஒரு சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. பத்து ஆண்டு கழித்து, 2025 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் அதைத் திரும்பப் பெறுவோம் என்று போட்டி போட்டு வாக்குக் கொடுத்தன. 99 ஆண்டு என்று கையெழுத்துப் போட்டபோதே இதை யோசித்திருக்கலாம்.

கப்பல்கள் போய்விடுமா என்பது துறைமுகத்தின் வகையைப் பொறுத்தது. உள்நாட்டுச் சரக்கை நம்பிய துறைமுகத்தை விட்டு லைனர்கள் (கப்பல் கம்பெனிகள்) எளிதில் போக மாட்டார்கள், ஏனென்றால் சரக்கு அங்கேதான் இருக்கிறது. கப்பல் மாற்றி ஏற்றும் டிரான்ஷிப்மென்ட் துறைமுகத்துக்கு அந்தப் பிடி இல்லை. 2000ல் மேர்ஸ்க் தன் மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் தஞ்சுங் பெலபாஸுக்குத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே யாரும் எதையும் கைப்பற்றவில்லை, கணக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் கன்டெய்னர் பெரிய கப்பலில் நேராக ஏறுகிறதா, ஃபீடர் எனப்படும் சிறு கப்பலில் போய் வேறெங்கோ மாறுகிறதா என்று, சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரைக் கேளுங்கள். அரசு எடுப்பது அந்த இடை மையத்தை என்றால் உங்களுக்குத் தாமதம் அதிகம்.

இனி உங்கள் காகிதங்கள். முதல் ஓட்டை எஃப்.ஓ.பி. என்ற விற்பனை விதி. கன்டெய்னருக்கும் பழக்கதோஷத்தில் எல்லோரும் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள். அந்த விதியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை அபாயம் உங்களுடையது. கன்டெய்னரையோ நீங்கள் டெர்மினல் வாசலிலேயே ஒப்படைத்துவிடுகிறீர்கள். கைமாற்றக் குழப்பத்தில் அது யார்டில் மூன்று வாரம் கிடந்தால் அந்த மூன்று வாரமும் உங்கள் தலையில். அதற்குப் பதில் எஃப்.சி.ஏ. என்ற விதியை எழுதி ஒப்படைக்கும் இடமாக டெர்மினலைக் குறித்தால், வாங்குபவர் அமர்த்திய கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்ததோடு அபாயம் அவருக்குப் போய்விடும். கன்டெய்னருக்கு இதுதான் பொருத்தம் என்று சர்வதேச வர்த்தக சபையே சொல்கிறது. வாங்குபவர் முணுமுணுப்பார், பேசிப் பாருங்கள்.

எல்.சி.யில் (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) ஏற்றும் துறைமுகம் ஒரே பெயராக இருந்தால், நெருக்கடியில் வேறு இடத்தில் ஏற்றியதைக் காட்டும் பில் ஆஃப் லேடிங்கை (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வங்கி முரண்பாடு என்று திருப்பிவிடும். "அந்நாட்டின் எந்தத் துறைமுகமும்" என்று இப்போதே திருத்தச் சொல்லுங்கள். நான் சொன்ன வாசல் இதுதான். கடைசி ஏற்றுமதித் தேதியையும் கொஞ்சம் தள்ளி வாங்குங்கள். அசம்பாவிதத்தால் வங்கியே மூடிக்கிடந்து அதற்குள் எல்.சி. காலாவதியானால்கூட, திறந்தபின் வங்கி பணம் தர வேண்டியதில்லை என்பது எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600ன் 36வது விதி. அப்படியிருக்கத் துறைமுகக் குழப்பத்துக்கு இரக்கம் எதிர்பார்க்காதீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நல்ல செய்தி குறைவு. மிக விரிவான சரக்குப் பாலிசி நிபந்தனைகளான இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் ஏ எடுத்திருந்தாலும் தாமதத்தால் வரும் நஷ்டம் அதில் கிடையாது. போர் விலக்குப் பிரிவில் கைப்பற்றல், தடுத்துவைத்தல் ஆகியவையும் சேர்ந்தே விலக்கப்பட்டிருக்கின்றன. வேலைநிறுத்தத்துக்குத் தனியாக ஸ்ட்ரைக்ஸ் கிளாஸ் என்ற நிபந்தனையை வாங்க வேண்டும், அதிலும் தாமதம் வராது. உங்கள் கையை மீறிய தாமதத்தின்போது பாலிசி உயிரோடு இருக்கும் என்பது மட்டும் ஆறுதல். யார்டில் கிடக்கும்போது பெட்டி நனைந்தால் கேட்கலாம், சீசன் போய்விட்டது என்று கேட்க முடியாது. பயந்துபோய் நீங்களாகச் சரக்கை வெளியே எடுத்து ஒரு கோடவுனில் போட்டால், வழக்கமான பயணம் அங்கே முடிந்தது என்று பாலிசியும் முடிந்துவிடலாம். எடுப்பதற்கு முன் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

காலி கன்டெய்னரை வழக்கம்போல ஒரு வாரம் முன்னாடியே எடுத்து வைக்காதீர்கள். கேட் அடைத்தாலும் கப்பல் கம்பெனியின் டிடென்ஷன் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம்) மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடி எழுத்தில், சேர வேண்டிய துறைமுகம் முடங்கினால் வேறு துறைமுகத்தில் இறக்கிவிட்டு ஒப்படைத்ததாகக் கணக்குக் காட்டும் உரிமை அவர்களுக்கு உண்டு. மேற்கொண்டு ஆகும் செலவு சரக்குக்காரர் பொறுப்பு. வாங்குபவரிடம் இதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, பின்னால் சண்டை வராது.

இந்த வாரமே ஒரு கன்டெய்னரை, ஒன்றே ஒன்றை, இன்னொரு துறைமுகம் வழியாக அனுப்பிப் பாருங்கள். லாரி வாடகை கூடும். ஆனால் அங்கே கஸ்டம்ஸ் பதிவு, ஏஜென்ட், எடைச் சான்றிதழ் எல்லாம் உங்கள் பெயரில் ஒருமுறை ஓடி முடிந்திருக்கும். கூட்டம் வாசலில் நிற்கும் நாளில் புதிதாகப் பதிவு செய்ய வருபவருக்கு அங்கே யாரும் நாற்காலி போட மாட்டார்கள்.