அட்டையில் '4கே' என்று இருந்தால் போதுமா?

பழைய அகலத்திரைப் பிரம்மாண்டப் படங்களை டிஸ்க்காக வாங்குவது பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: அப்பாவுக்கு 'பென்-ஹர்' என்றால் உயிர். பல வருடங்களுக்கு முன் வாங்கிய டிவிடி இருக்கிறது. புது 55 அங்குல டிவியில் போட்டால் படம் நடுவில் ரிப்பன் மாதிரி தெரிகிறது. மேலே, கீழே, இரண்டு பக்கமும் கறுப்பு. டிவியில் கோளாறா, டிஸ்க்கிலா? ப்ளூ-ரே வாங்கினால் திரை முழுக்க வருமா? – அல்சூர் வாசகர்

பதில்: முதலில் பைசா செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. டிவிடி பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி டைப்' அல்லது 'டிவி ஷேப்' என்ற இடத்தைப் பாருங்கள். பழைய டப்பா டிவிக்கு வைத்த '4:3 லெட்டர்பாக்ஸ்' அப்படியே கிடக்கும். அதை 16:9 ஆக்குங்கள். நாலு பக்கமும் கறுப்பு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 55 அங்குல டிவியின் திரை அகலம் சுமார் 122 செ.மீ. தவறான செட்டிங்கில் படம் 91 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம்தான் வரும். மாற்றியதும் அகலம் முழுக்க நிறைந்து, உயரம் 44 செ.மீ. ஆகும். மாற்றிய பிறகும் நாலு பக்கமும் கறுப்பு என்றால், படத்தை 4:3 சட்டத்துக்குள்ளேயே பதித்த டிஸ்க் அது. அதை ஒன்றும் செய்ய முடியாது.

மேலும் கீழும் இருக்கும் கறுப்பு மட்டும் எந்த டிஸ்க் வாங்கினாலும் போகாது, போகவும் கூடாது. 1959-இல் வந்த அந்தப் படத்தை 65 மி.மீ. நெகடிவில், பக்கவாட்டில் 1.25 மடங்கு அமுக்கும் லென்ஸ் வைத்து எடுத்தார்கள். விரித்தால் உயரத்தைப்போல 2.76 மடங்கு அகலம். உங்கள் டிவியோ 1.78 மடங்குதான். ரிமோட்டில் 'ஜூம்' அழுத்தித் திரையை நிரப்பினால் 36 சதவீதப் படம் பக்கவாட்டில் வெளியே போய்விடும். தேர்ப்பந்தயத்தில் நான்கு வெள்ளைக் குதிரைகளும் வரிசையாக ஓடுவதும், பக்கத்திலேயே எதிரியின் தேர் நெருங்குவதும் ஒரே சட்டத்தில் தெரியத்தான் அவ்வளவு அகலம். அதை நறுக்கிப் பார்ப்பதற்கு அப்பா சம்மதிக்க மாட்டார்.

ப்ளூ-ரேயில் ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. 480 வரி டிவிடியில் இந்தப் படத்துக்குக் கிடைப்பது 309 வரிதான், மிச்சமெல்லாம் கறுப்புக்கே போகிறது. ப்ளூ-ரேயில் 696 வரி. 2011-இல் வந்த ப்ளூ-ரே, 65 மி.மீ. மூல நெகடிவை 8கே-யில், அதாவது அகலவாக்கில் சுமார் 8,000 புள்ளிகளாக, ஸ்கேன் செய்து தயாரானது. படத்தை இரண்டு டிஸ்க்கில் பிரித்துத் தந்திருக்கிறார்கள். இதைக் குறையாக நினைக்காதீர்கள். 222 நிமிடப் படத்தை ஒரே 25 ஜிபி டிஸ்க்கில் திணித்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 15 மெகாபிட்தான் தேறும். புழுதியும் கூட்டமும் வரும் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

வாங்கியதும் படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்க டிவியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஃபுல் பிக்சல்' போடுங்கள். 'மோஷன்' என்று தொடங்கும் மென்மையாக்கும் வசதிகளையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். ஷார்ப்னஸை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் பெரும்பாலானவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். உட்காரும் தூரம் ஆறடி போதும். தொடக்கத்தில் பல நிமிடம் அசையாத ஒரே படமும் இசையும் மட்டும் வரும். அது ஓவர்ச்சர், அந்தக் காலத் தியேட்டரில் ஆட்கள் வந்து உட்காரும்வரை போட்ட இசை. டிஸ்க் சிக்கிக்கொண்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: 'ஸ்பார்டகஸ்' ப்ளூ-ரே இரண்டு பதிப்பு கிடைக்கிறது. 2010 பதிப்பு பாதி விலை. அதில் படம் துடைத்துவைத்தது போலச் சுத்தமாக இருக்கிறது. 2015 பதிப்பில் மணல் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கூடுதல் விலை எதற்கு? – ஜெயநகர் வாசகி

பதில்: 2015 பதிப்பை வாங்குங்கள். அந்தப் புள்ளிகள்தான் படம். ஃபிலிமில் உருவம் பதிவதே நுண்ணிய துகள்களால்தான். அதைத்தான் கிரெய்ன் என்கிறோம். மென்பொருளால் கிரெய்னை வழித்தால் அதோடு தோலின் துளைகள், துணியின் இழை, தாடி ரோமம் எல்லாம் போய் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். இழந்த கூர்மையைப் போலியாகக் கூட்டும்போது உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு முளைக்கும். 2010 பதிப்பு இப்படி வழித்ததற்காகவே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அதனால்தான் 2015-இல் 4கே-யில் புதிதாக மறுசீரமைத்தார்கள். 1991-இல் இதே படத்தைச் சீரமைத்த ராபர்ட் ஹாரிஸ் அந்தப் பணியிலும் இருந்தார்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதற்கு 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' சரியான உதாரணம். பாலைவன வெயிலில் அதன் நெகடிவின் மேல்பூச்சு காய்ந்து நுண்ணிய விரிசல் விட்டிருந்தது. 1989 மறுசீரமைப்பின்போது அதை நீக்க வழியே இல்லை. 2012-இல் 65 மி.மீ. நெகடிவை 8கே-யில் ஸ்கேன் செய்தபோது ஒவ்வொரு விரிசலும் பளிச்சென்று தெரிந்தது. விரிசலை எடுத்தார்கள், கிரெய்னைத் தொடவில்லை. இந்த வித்தியாசத்துக்குத்தான் விலை.

எனவே அட்டையில் '4கே', 'ரீமாஸ்டர்டு' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எந்த மூலத்திலிருந்து ஸ்கேன் செய்தார்கள், எந்த ஆண்டில் என்று தேடுங்கள். மூல நெகடிவ் என்றால் முதல் தரம். நெகடிவிலிருந்து எடுத்த இன்டர்பாசிடிவ் அடுத்தது. தியேட்டரில் ஓடிய பிரிண்ட் கடைசி. இருபது வருடப் பழைய 2கே ஸ்கேனைப் பெரிதாக்கி 4கே என்று விற்பதும் நடக்கிறது. கடையில் போட்டுக் காட்டினால் முகத்தைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள்: பாறை, குதிரையின் பிடரி, தூரத்துக் கூட்டம். கேமரா நகரும்போது அவை குழைந்து, நின்றதும் தெளிந்தால் யாரோ வழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் பிளேயர் வாங்கினேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ப்ளூ-ரே ஓடவில்லை. 4கே டிஸ்க் மட்டும் ஓடுகிறது. ஆன்லைனில் வாங்கிய இன்னொரு படம் போலி என்று சந்தேகம். என்ன செய்யலாம்? – சிவாஜிநகர் வாசகர்

பதில்: பிளேயர் சரியாகத்தான் வேலை செய்கிறது. ப்ளூ-ரேக்கு மூன்று மண்டலங்கள்: அமெரிக்கா 'ஏ', ஐரோப்பா 'பி', இந்தியா 'சி'. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் வரும் சாதாரண ப்ளூ-ரே பூட்டியிருக்கலாம். டிவிடிக்குத் தனிக் கணக்கு: அமெரிக்கா 1, இந்தியா 5. பல பிளேயர்களில் டிவிடி பூட்டை ரிமோட்டிலேயே திறந்துவிடலாம், ப்ளூ-ரே பூட்டு அப்படித் திறக்காது. 'மல்டி ரீஜன்' என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் 'ஏ' டிஸ்க்கையே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில்லிலும் 'மல்டி ரீஜன் ப்ளூ-ரே' என்று எழுதி வாங்குங்கள். அமெரிக்கப் பிளேயரையே வரவழைப்பதானால் பின்புறம் 110 வோல்ட் மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு சரி.

போலியைக் கண்டுபிடிக்க டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஆலையில் அச்சழுத்திய டிஸ்க்கில் நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் எண்ணும் பட்டைக்குறியும் பொறித்திருக்கும். கணினியில் பதிவுசெய்த டிஸ்க்கின் அடி கருத்தோ பழுப்பாகவோ இருக்கும். கணினி டிரைவில் போட்டால் 'பிடி-ஆர்' (வீட்டில் பதியும் ப்ளூ-ரே) என்று டிஸ்க்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

போலி என்று உறுதியானால் அன்றே அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, அடிப்பக்கப் படம், பில் மூன்றும் கையில் இருக்கட்டும். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றுவது கஷ்டம். கார்டு கொடுத்த வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்பதே விரைவான வழி.

கேள்வி: தமிழ்ப் பிரம்மாண்டப் படங்களின் டிஸ்க்கில் ஆட்களின் பாதி முகம் வெட்டுப்படுகிறதே, ஏன்? – கே.ஆர். புரம் வாசகர்

பதில்: தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. இப்படி 2.35 மடங்கு அகலத்தில் எடுத்த ஒரு படத்தைப் பழைய டிவிக்காக 4:3 ஆக நறுக்கினால் 43 சதவீதம் போய்விடும். 16:9-க்கு நறுக்கினாலும் 24 சதவீதம் போகும். அதற்கு முந்தைய படங்களுக்கு எதிர்ப்பக்கத்து ஆபத்து. அவற்றில் பெரும்பாலானவை 1.37 சட்டத்தில் எடுத்தவை. இன்றைய டிவியை நிரப்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள், ராஜாவின் கிரீடம் பறிபோகிறது. சோதிக்க எளிய வழி டைட்டில் கார்டு: பெயர்கள் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றால் வெட்டிய பிரதி. ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்றால் தொடவே வேண்டாம். 4.7 ஜிபி டிவிடியில் மூன்று இரண்டரை மணி நேரப் படங்கள் என்றால் நொடிக்கு 1.4 மெகாபிட்தான் கிடைக்கும். அது விசிடி தரத்துக்குப் பக்கம்.

கேள்வி: படவிநியோகம் செய்த தாத்தாவின் பரணில் ஒரு தமிழ்ப் படத்தின் 35 மி.மீ. பிரிண்ட் எட்டு டப்பாக்களில் இருக்கிறது. திறந்தால் வினிகர் வாடை. டிஜிட்டலாக மாற்ற நினைக்கிறோம். என்ன கேட்டு விலை பேச வேண்டும்? – இந்திராநகர் வாசகி

பதில்: அந்த வாடை அசிடேட் ஃபிலிம் சிதைவதன் அறிகுறி. வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். எனவே இன்றைக்கே பரணிலிருந்து இறக்குங்கள். வாடை அடிக்கும் டப்பாக்களை மற்றவற்றிலிருந்து பிரித்து, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் படுக்கைவசமாக வையுங்கள். பாலிதீன் பையில் கட்டிவிடாதீர்கள், ஆவி உள்ளேயே தங்கிவிடும். ஃபிலிம் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சு இருக்கிறதா பாருங்கள். 1951-க்கு முந்தையதாக இருந்து அந்தச் சொல்லும் இல்லையென்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். அது தீப்பிடிக்கும் பொருள், கூரியரில் அனுப்பக் கூடாது. புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 1 சதவீதம் சுருங்கியிருந்தாலே பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும்.

எட்டு ரீல், ரீலுக்கு 2000 அடி என்றால் 16,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக சுமார் 178 நிமிடம், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான சட்டங்கள் (ஃபிரேம்கள்). விலைப்பட்டியலில் இவை தனித்தனியாக இருக்க வேண்டும்: பரிசோதனையும் ஒட்டுப்போடுதலும், அல்ட்ராசோனிக் கழுவல், ஸ்கேன், ஒலி எடுத்தல், கீறல் நீக்கம், நிறச் சீரமைப்பு. பற்சக்கரம் இல்லாமல் உருளையால் இழுக்கும் ஸ்கேனரா என்று கேளுங்கள். பிரிண்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் 2கே போதும். வேறெங்கும் பிரதி இல்லாத படம் என்றால் 4கே. சுத்தப்படுத்திய எம்பி4 மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் தனிப் படமாகச் சேமிக்கும், கைவைக்காத டிபிஎக்ஸ் கோப்புகளும் உங்களுக்கே என்று எழுதி வாங்குங்கள். 2கே-யில் அது சுமார் 3.3 டிபி, 4கே-யில் 13 டிபி. வன்தட்டுச் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டதென்றால் சியான் எனும் பச்சைநீலச் சாயம் வெளிறிவிட்டது என்று பொருள். ஓரளவு மீட்கலாம், முழுதாக மீட்டுத் தருவோம் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பிரிண்ட் கையில் இருப்பதால் உரிமை உங்களுடையதாகிவிடாது. வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. அதற்குள் யூடியூபில் ஏற்றுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். செலவு கைமீறினால் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதிக் கேளுங்கள். படத்தின் பெயர், மொழி, ரீல் எண்ணிக்கை, வாடை எவ்வளவு கடுமை என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். தனியாரிடம் கொடுப்பதானால் எட்டையும் ஒரே நாளில் ஒப்படைக்க வேண்டாம். மோசமான வாடை வரும் ஒரு ரீலை மட்டும் முதலில் கொடுத்து, கோப்பு கைக்கு வந்து, கடைசிச் சட்டம்வரை ஓட்டிப் பார்த்த பிறகு மற்ற ஏழையும் அனுப்புங்கள்.